காகித மூட்டை யார் தலையில்?

(ஜவ்வாது மலையில், மலையூர்ப் பெற்றோர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மோட்சத்தைப் பற்றியதோ, மறுபிறப்பைப் பற்றியதோ அல்ல. காகிதத்தைப் பற்றியது. அதாவது, படிக்கிற பிள்ளைகளுக்கு சர்க்கார் கொடுக்கும் கல்வி உதவித்தொகை, அதை வாங்குவதற்கு அப்பிள்ளைகள் சுமக்க வேண்டியிருக்கின்ற காகித மூட்டை, அந்த மூட்டையை இறக்கி வைப்பதற்கென்று வந்ததாகச் சொல்லப்படுகிற ஆன்லைன் மனு ஆகிய இம்மூன்றைப் பற்றியுமே சொல்லப் போகிறேன். இது அற்ப சங்கதி என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு பிள்ளை கல்லூரியில் உட்காருவதா, அல்லது மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூருக்கு லாரி ஏறுவதா என்பது அநேக வீடுகளில் இந்த அற்ப சங்கதியினால்தான் தீர்மானமாகி வருகின்றது. ஆதலால் கொஞ்சம் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறேன். நான் சொல்லுவதை உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உபகாரமா, உரிமையா?

நம் பெரியவர்கள் காலத்தில் இந்தப் பணத்திற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு விஷமம் இருக்கின்றது. உபகாரம் என்றால் கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே. வாங்குகிறவன் கைகட்டி நிற்க வேண்டும். "நாளைக்கு வா" என்றால் நாளைக்கு வரவேண்டும். இப்போது உதவித்தொகை என்று பெயரை மாற்றிக்கொண்டோம். பெயர் மாறினதேயொழிய, கைகட்டி நிற்கும் காரியம் மாத்திரம் பல இடங்களில் மாறவில்லை.

இந்தப் பணம் எப்படி வந்தது? தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பள்ளி இறுதிக்கு மேல் படிப்பதற்கென்று இந்திய சர்க்கார் உதவித்தொகை ஏற்படுத்தியது 1944ஆம் வருஷத்தில். அப்போது வைசிராயின் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் இருந்தார். பழங்குடி மாணவர்களுக்கும் பின்னர் அது வந்தது. யாரும் மனமிரங்கிப் போட்ட பிச்சையல்ல அது. பல தலைமுறைகளாய்ப் படிக்கவொட்டாமல் தடுத்து வைத்திருந்த கடனுக்கு, வட்டியில் ஒரு துளி. இந்த மலையில் இருக்கிறவர் நெருப்புப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறார். வரி கொடுக்கும்போது யாரும் அவரிடம் சாதிச் சான்று கேட்பதில்லை. வருமானச் சான்றும் கேட்பதில்லை. அவருடைய பணத்தில் ஒரு பங்கு அவருடைய பிள்ளையின் படிப்புக்குத் திரும்பி வரும்போதுதான் இத்தனை சான்றும் வேண்டியதாய் இருக்கின்றது!

மூட்டையில் என்ன இருக்கிறது?

மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மதிப்பெண் சீட்டு, இன்ன கல்லூரியில் படிக்கிறார் என்பதற்குக் கல்லூரிச் சான்று. இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆபீசில் இருக்கின்றது.

முதலில் சாதிச் சான்று. தமிழ்நாட்டில் 1989ஆம் வருஷத்திலிருந்து பழங்குடியினருக்குச் சாதிச் சான்று கொடுக்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து எடுக்கப்பட்டு, கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டரிடம் போய்விட்டது. ஜமுனாமரத்தூரில் தாலுகா ஆபீஸ் வந்துவிட்டது, மெத்த சந்தோஷம். ஆனால் பழங்குடிச் சான்றில் கையெழுத்திட வேண்டியவரின் ஆபீஸ் மலைக்குக் கீழேதான். மற்ற சாதியார் பலருக்குத் தாலுகாவிலேயே முடிகிற காரியம், எவன் எல்லோரிலும் தூரத்தில் இருக்கிறானோ அவனுக்கு மாத்திரம் இன்னும் ஒரு படி தூரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது.

இந்தச் சான்றுக்காக மனிதர் உயிரையே விட்ட கதையும் உண்டு. 2022 அக்டோபரில் தன் பிள்ளைக்கு மலைக்குறவர் என்ற சாதிச் சான்று கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பனார் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து மாண்டார். தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். இவன் தீண்டத்தகாதவன், இவன் காட்டான் என்று ஒதுக்கி வைப்பதற்கு ஊருக்கு ஒரு நாளும் காகிதம் வேண்டியிருந்ததில்லை. முகத்தைப் பார்த்தே, தெருவைக் கேட்டே ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவன் அதற்குப் பரிகாரம் கேட்டு வரும்போதுதான், "நீ ஒதுக்கப்பட்டவன் என்பதற்குக் காகிதம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அடுத்தது ஊர் பெயர். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றது. வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாகம் பிற்பாடு வேலூர் என்று பெயர் பெற்று, 2019இல் மறுபடியும் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. புதூர்நாட்டில் ஒரு வீடு இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் காகிதத்தில் வட ஆர்க்காடு, தகப்பன் காகிதத்தில் வேலூர், பிள்ளை காகிதத்தில் திருப்பத்தூர். வீடோ நட்ட கல்லைப்போல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது! மாவட்டம் நகர்ந்ததே தவிர மனிதன் நகரவில்லை. ஆனாலும் "விலாசம் ஏன் ஒத்துப்போகவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அந்த நகராத மனிதன்தான்.

மூன்றாவது ஆள் பெயர். முருகன் என்று ஒரு பையன், அவன் தகப்பன் ராமன். நம் வழக்கப்படி அவன் ரா. முருகன். மதிப்பெண் சீட்டில் எழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் முருகன் ராமன் என்று நீட்டி எழுதியிருக்கும். வடநாட்டு வழக்கத்தை மனதில் வைத்துச் செய்த மனுவோ, "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். இந்த மலையின் பெயரையே ஆங்கில எழுத்தில் ஜவாதி என்றும், ஜவாது என்றும், ஜவ்வாது என்றும் பலவிதமாய் எழுதி வருகின்றார்கள். இத்தனை பெரிய மலைக்கே ஒரு எழுத்து நிலைக்கவில்லை என்றால், முருகனுக்கு எப்படி நிலைக்கும்?

ஆன்லைன் வந்து என்ன ஆயிற்று?

"அதற்காகத்தானே ஐயா ஆன்லைன் வந்திருக்கின்றது" என்பார்கள். நியாயமாய்ச் சொன்னால், வந்ததில் நன்மை இருக்கின்றது. 1980ஆம் வருஷம் வரையில் சமவெளிக் கிராமங்களில் கர்ணம், மணியம் என்று பரம்பரை உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். ஊர்க் கணக்கு முழுவதும் அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஏழை ஒரு துண்டுக் காகிதத்துக்கு அவர்கள் திண்ணையில் காத்திருந்தான். அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. இப்போது சான்று இ-சேவை மையத்தில் மனுப்போட்டு, கம்ப்யூட்டர் கையெழுத்தோடு வருகின்றது. நகலில் பச்சை மைக் கையெழுத்து வாங்க கெஜட்டு பதிவு பெற்ற அதிகாரியைத் தேடி அலைந்த அலைச்சலும், 2014இல் மத்திய சர்க்கார் சுயசான்றொப்பத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னது முதல் குறைந்திருக்கின்றது. 2015இல் தேசிய உதவித்தொகை இணையதளம் ஏற்பட்டது. பணம் நேரே மாணவர் கணக்குக்கே போகிறபடியால், நடுவில் கை நுழைப்பது முன்னைவிடக் கடினம். இதையெல்லாம் இல்லையென்று சொல்லுவது யோக்கியமாகாது.

ஆனால் "கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எல்லாம் தானாய் நடக்கும்" என்று நம்புவது, தேங்காய் உடைத்தால் லாரி விபத்துக்குள்ளாகாது என்று நம்புகிற ஜாதியைச் சேர்ந்த நம்பிக்கைதான். கம்ப்யூட்டர் ஒரு கருவி. மண்வெட்டியைப் போல. நடந்தது என்னவென்றால், முன்பு காகிதத்தை ஆபீசில் கொடுத்தான்; இப்போது அதே காகிதத்தை வாங்கிக்கொண்டு போய், படம் பிடித்து, இன்ன அளவுக்கு மேற்படாமல் சுருக்கி, இணையதளத்தில் ஏற்றுகிறான். காகிதம் குறையவில்லை. காகிதத்தோடு செல்போனும், சிக்னலும், ஓடிபி எண்ணும், பிரவுசிங் சென்டர்க் கூலியும் சேர்ந்துகொண்டன. ஓடிபி எண் தகப்பன் போனுக்குப் போகும். தகப்பனோ திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார். அவர் எடுத்துச் சொல்லுவதற்குள் அந்த எண்ணின் ஆயுசு முடிந்துவிடும்.

காவலூர் வானாராய்ச்சி நிலையம் இந்த மலைமேல்தானே இருக்கின்றது? 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் கண்டுகொண்டபோது, அதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் இருந்தார்கள். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சுற்றுகிற மெல்லிய வளையம் இந்த மலையிலிருந்து தெரிகின்றது. அதே மலையில் சாமை விதைத்துப் புளி பொறுக்கும் குடும்பம் ஏழைக் குடும்பம் என்பது மட்டும் கீழே இருக்கிற ஆபீசுக்கு, காகிதமில்லாமல் தெரியமாட்டேன் என்கிறது.

ஒரே சர்க்கார், பத்து வாசல்

தோழர்களே, இனிதான் முக்கியமான சங்கதி. அந்த ஆறு காகிதங்களில் எது சர்க்காருக்குத் தெரியாதது? மதிப்பெண் சீட்டு கொடுத்தது சர்க்கார் பரீட்சைத் துறை. சாதிச் சான்று கொடுத்தது சர்க்கார் வருவாய்த் துறை. வருமானச் சான்றும் அதே துறை. ஆதார் கொடுத்தது சர்க்கார். பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படித்தது என்பது எமிஸ் என்ற பள்ளிக் கணக்கில் இருக்கின்றது. கல்லூரியில் சேர்ந்தால் யூமிஸ் என்ற கணக்கில் இருக்கின்றது. ஆகவே சர்க்காரின் வலது கை கொடுத்த காகிதத்தை சர்க்காரின் இடது கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, பதினேழு வயதுப் பிள்ளை கூலியில்லாத தபால்காரனாய் வேலை செய்கின்றது! ஆன்லைன் என்பதற்கு உண்மையில் அர்த்தம் இருக்குமானால் இந்த வேலையல்லவா முதலில் ஒழிய வேண்டும்? கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டர் பேசிக்கொள்ளட்டும், பிள்ளை படிக்கட்டும்.

அண்ணனுக்கு மலையாளி என்று முறையாய் விசாரித்துக் கொடுத்த சான்று சர்க்கார் கணக்கில் இருக்கும்போது, அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த தங்கைக்கு முதலிலிருந்து விசாரணை எதற்கு? அண்ணன் ஒரு சாதியிலும் தங்கை வேறு சாதியிலும் பிறக்கும் அதிசயம் புராணத்தில் உண்டோ என்னவோ, ஜவ்வாது மலையில் கிடையாது.

வருமானச் சான்றுக்கு வருவோம். பழங்குடி மாணவர் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது உச்சவரம்பு. சம்பளக்காரனுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. மழையை நம்பிச் சாமையும், காட்டை நம்பித் தேனும் கடுக்காயும் எடுக்கிறவருக்கு எந்தச் சீட்டு உண்டு? கேட்கிறவரும் உத்தேசமாய்க் கேட்டு, சொல்லுகிறவரும் உத்தேசமாய்ச் சொல்லி, எழுதுகிறவரும் உத்தேசமாய் எழுதுவதற்குத்தான் சான்று என்று பெயர். இந்த உத்தேசத்தையும் ஒரு தடவை வாங்கினால் போதாதா? பல வருஷப் படிப்புக்கு, சேரும்போது ஒரே ஒரு தடவை வருமானச் சான்று வாங்கினால் போதும் என்று 2010இல் திருத்தப்பட்ட மத்திய உதவித்தொகை விதிகளே சொல்லியிருந்தன. விதியில் எழுதின நியாயத்தை, மனு வாங்கும் இடத்திலும் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

போலிகள் பெருகிவிடுமா?

"இப்படித் தளர்த்தினால் போலிச் சான்றுகள் பெருகிவிடுமே" என்று ஒரு ஆட்சேபம் சொல்லுவார்கள். இது தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் அல்ல. பழங்குடியல்லாதவர் பொய்ச் சான்றில் பழங்குடியினர் இடத்தைப் பறித்த வழக்குகள் இருந்தபடியால்தான், 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கக் கமிட்டிகள் அமைக்கச் சொல்லிற்று. சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் சரிபார்ப்பது யார் வேலை? சம்பளம் வாங்கும் ஆபீஸ் செய்ய வேண்டிய வேலையை, சம்பளமில்லாத மாணவன் தலையில் காகிதமாய் ஏற்றினால் திருடன் அகப்படுவானா? திருடன் எப்போதும் எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காய் அடுக்கிக்கொண்டுதான் வருவான். காகிதம் குறைந்து நிற்கிறவன் பெரும்பாலும் உண்மையான ஏழையாகத்தான் இருப்பான்.

இதற்குப் பிரத்தியட்ச சாட்சி இருக்கின்றது. சிறுபான்மை மாணவர் உதவித்தொகையில் 1,572 கல்வி ஸ்தாபனங்களைப் பரிசோதித்ததில் 830 ஸ்தாபனங்கள் போலியானவை அல்லது நடக்காதவை என்று 2023இல் மத்திய சர்க்காரே வெளிப்படுத்திற்று. அத்தனையும் ஆன்லைனில் நடந்ததுதான். அத்தனைக்கும் ஆதாரும் சான்றும் வங்கிக் கணக்கும் காட்டப்பட்டவைதான். பிள்ளைகளைக் காகிதத்தால் வடிகட்டிக்கொண்டிருக்கும்போது, பெரிய திமிங்கிலங்கள் ஸ்தாபனம் என்ற பெயரில் பக்கத்து வாசல் வழியே போய்விட்டன. ஆகவே கண்டிப்பு வேண்டும் என்றால், எங்கே பணம் மொத்தமாய்ப் புரளுகிறதோ அங்கே வைக்கட்டும்.

தட்டை நீட்டினால் சோறு

குறைவான காகிதத்தில் காரியம் நடக்காது என்பதும் பொய். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோம். காமராசர் காலத்தில் ஆரம்பித்து, 1982இல் சத்துணவாய் விரிந்து, 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கின்றது. தட்டை நீட்டுகிற பிள்ளையிடம் "உன் தகப்பன் வருமானம் என்ன?" என்று யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. அதனால் நாடு குடிமுழுகிப் போய்விடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தையும் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். சாதி என்ன, வருமானம் என்ன என்ற கேள்வி அதில் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தாளா என்பது ஒன்றே முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சர்க்கார் கணக்கிலேயே கிடக்கின்றது. 2024இல் ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அது வந்தது. கேள்வியைக் குறைத்தால் காகிதம் தானே குறையும் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை.

அப்படியானால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும், வனத்துறைப் பள்ளியிலும் படித்து வெளியே வருகிற மலைப் பிள்ளையை, "நீ பழங்குடிதானா? நீ ஏழைதானா?" என்று முதலிலிருந்து கேட்பது ஏன்? அங்கே அவனுக்குச் சோறு போட்டு, துணி கொடுத்து, பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தது இதே சர்க்கார்தானே?

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம்

இந்தக் கஷ்டம் நமக்கு மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் மத்திய சர்க்கார் உதவிக்குப் போடும் மனுவில் நூறு கேள்விகளுக்கு மேல் இருந்து வந்தன. 2008இல் சில ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். வரிக்கணக்கு எழுதிக்கொடுக்கும் கடைக்கு வந்த ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனுவையே பூர்த்தி செய்து கொடுத்தார்கள். இன்னொரு பகுதியாருக்கு, "உங்களுக்கு இவ்வளவு கிடைக்கும், மனுப்போடுங்கள்" என்று தகவல் மாத்திரம் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. சில வருஷம் கழித்துப் பார்த்ததில், கை பிடித்து மனுப் பூர்த்தி செய்யப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தவர்கள் நூற்றுக்கு 36 பேர். உதவி பெறாத வீடுகளில் 28 பேர். தகவல் மாத்திரம் கேட்டுப் போன வீடுகளில் யாதொரு மாறுதலும் இல்லை!

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, "விழிப்புணர்ச்சி உண்டாக்கிவிட்டோம்" என்று வீட்டுக்குப் போவதால் பிரயோஜனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் கைதான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகின்றது.

அதே அமெரிக்காவில் 2020இல் சட்டம் செய்து, கேள்விகளைப் பாதிக்கு மேல் குறைத்து, வருமான விவரத்தை வரி இலாகாவிலிருந்தே நேரே எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். இது நாம் கேட்கிற காரியமேதான். ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் புது மனு வெளிவந்தபோது கோளாறுகள் நிறைந்திருந்தன. முக்கியமாய், அந்த நாட்டு அடையாள எண் இல்லாத குடியேறிகளின் பிள்ளைகள் மனுவை முடிக்கவே முடியாமல் தவித்தார்கள். யாருக்குக் காகிதம் குறைவோ அவர்களே அங்கும் வெளியே நின்றார்கள். ஆதலால் புது வாசலைத் திறக்கும்போது பழைய வாசலை உடனே சாத்திவிடக் கூடாது. நம் நாட்டிலும் 2018இல் ஆதார் வழக்கில் உச்சநீதிமன்றம், ஆதார் எண் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பலனை மறுக்கக் கூடாது, வேறு தஸ்தாவேஜைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றது. இதை ஒவ்வொரு தகப்பனும் தாயும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஸ்லோகத்தைவிட இது உபயோகமானது.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். ஒரு தடவை கொடுத்த விவரத்தை மறுபடியும் கேட்கக் கூடாது. பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் மலைக்கு வர வேண்டும். மலை முழுவதும் அவரிடம் இறங்கக் கூடாது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும்போதே, பள்ளிக்கூடத்திலேயே சாதிச் சான்று, பெயர்த் திருத்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். இணையதளம் தமிழில் பேச வேண்டும். மனுவைத் தள்ளினால் ஏன் தள்ளினார்கள், யாரிடம் போனால் சரியாகும் என்பதைத் தமிழில், தேதியோடு சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் எழுத்து மனுவையும் வாங்க வேண்டும்; அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஆபீசின் வேலையாய் இருக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் இளைஞர் சங்கங்கள் சந்தை நாளில் ஒரு மேஜை போடட்டும். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்காரட்டும். ஒரு காசும் வாங்காமல் மனுப் பூர்த்தி செய்து, மனு எண்ணை நோட்டில் எழுதி வைத்து, பணம் வந்ததா என்பது வரையில் தொடர்ந்து பார்க்கட்டும். சாமிக்கும் நமக்கும் நடுவில் தரகன் வேண்டாம் என்று சொல்லுகிற நாம், சர்க்காருக்கும் நமக்கும் நடுவில் மாத்திரம் தரகனை வைத்துக்கொள்ளலாமா?

அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஆதார் எண் இருப்பது வேறு, சர்க்கார் பணம் வந்து சேருவதற்கான ஆதார் இணைப்பு வேறு; இரண்டாவது இல்லையென்றால் பணம் திரும்பிப் போகும். வங்கி தூரமென்றால் தபால் இலாகாவின் பேமெண்ட்ஸ் வங்கியில் தபால்காரர் மூலமாய்க் கணக்கு ஆரம்பிக்கலாம். இரண்டு, ஆதாரில் பதினைந்து வயதில் கைரேகையும் கண்படமும் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்தால் பிற்பாடு ரேகை ஒத்துப்போகாது. மூன்று, எல்லாக் காகிதத்திலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும்படி பத்தாவது பரீட்சைக்குப் பெயர் பதியும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்றால், 2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நாம் மறக்க முடியாது. அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும், சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஏஜெண்டு ஆள் பிடிக்க வரும்போது சாதிச் சான்று கேட்பதில்லை, ஓடிபி கேட்பதில்லை, "நாளைக்கு வா" என்று சொல்லுவதுமில்லை. முன்பணத்தை அன்றைக்கே கையில் கொடுக்கிறான். கல்லூரிக்கு அழைக்கும் சர்க்கார்தான் ஆறு காகிதம் கேட்கின்றது. இந்த இரண்டு அழைப்புகளில் எதற்குப் பிள்ளை போவான் என்பதை அவன் குணம் தீர்மானிப்பதைவிட, வாசலில் வைத்த தடைகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

அதே மலையிலிருந்து 2024இல் ஒரு பழங்குடிப் பெண் சிவில் நீதிபதி பதவிக்குத் தேர்வானார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மலைப் பிள்ளைக்கு மூளையில் குறைவில்லை என்பது ருசுவாகிவிட்டது. குறைவெல்லாம் வழியில்தான் இருக்கின்றது. வழியில் கிடக்கிற கல்லை எடுப்பதற்கு வேண்டியது பிரார்த்தனையல்ல, கை. அடுத்த கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும், மனுப்போடாமல் நின்றுபோன ஒரு பிள்ளைகூட இல்லை என்று சொல்லும்படி வேலை செய்ய முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.